கண் படாத ஆட்டம்

பந்து கையுறைக்குள் விழும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கிறது, டப், நல்ல சத்தம்தான், நெஞ்சு உயரத்தில் நேராக வந்த பந்துக்குத்தான் அப்படிக் கேட்கும், மங்கையர்க்கரசி மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கார்கள் நிற்கிற பக்கம் பார்த்து நிற்கிறாள், கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, பின்வரிசைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், அங்கே மேட்டில் நின்று பந்து எறிகிறவள் அவளுடைய ஒரே மகள் ஆரணி, இது ஆரணியின் கடைசி ஆட்டம், பல்கலைக்கழகப் படிப்பு முடிகிறது, தோளும் இனித் தாங்காதாம், அம்மா இண்டைக்காவது பாருங்கோ, இண்டைக்கும் பாக்காட்டி நான் எறிஞ்சதை நீங்கள் ஒருக்காலும் பாக்கேல்லை எண்டுதான் கிடக்கும் என்று காலையில் காரில் வைத்துச் சொன்னாள், சண்டை பிடித்திருந்தால் பரவாயில்லை, மெதுவாகச் சொன்னாள், அதுதான் பொறுக்க முடியவில்லை.

பக்கத்தில் கணவர் கிருபாகரன் மைதானத்தைப் பார்த்தபடி இருக்கிறார், இன்றைக்கு அவர்தான் இவளுக்குக் கண், ஆனால் என்ன கண், யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் விளையாடிய மனிதர், கனடாவுக்கு வந்து தலை நரைத்தும் பேஸ்போல் மண்டைக்குள் ஏறவில்லை, அடிக்கிறவள் விட்டிட்டாள், கீப்பர் பிடிச்சிட்டாள் என்கிறார், அது கீப்பர் இல்லையப்பா, ஸ்ட்ரைக்கோ இல்லையோ, பந்து சரியா விழுந்ததெண்டு குடுத்தவங்களோ, அதைச் சொல்லுங்கோ, அம்பயர் கையைத் தூக்கினவனோ, தூக்கின மாதிரித்தான் கிடந்தது, மாதிரி என்ன மாதிரி, அப்ப நீயே திரும்பிப் பாரன், ஏன் என்ரை உயிரை வாங்கிறாய்.

திரும்பினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், ஊரில் அவளுக்குப் பதினாறு வயது, அவளுடைய நேசன் அண்ணா சைக்கிளில் போகிறான், சட்டை காற்றில் உப்பியிருக்கிறது, அவள் வாசல் படலையில் நின்று பார்க்கிறாள், அண்ணா என்றால் அவளுக்கு அப்படி ஆசை, தெரு முடக்கில் திரும்பிக் கையைக் காட்டுகிறான், பின்னேரம் வந்திடுவன் என்று சொல்லித்தான் போனான், அந்தப் பின்னேரம் வந்தது, அவன் வரவில்லை, எந்தப் பின்னேரமும் வரவில்லை, செத்த வீட்டுக்கு உடலும் இல்லை, அழுதுகொண்டிருந்த பெரியம்மா திடீரென்று இவளைத் திரும்பிப் பார்த்து உன்ரை கண் பொல்லாத கண்ணடி, நீ ஆசையாப் பாத்த ஒண்டும் நிலைச்சதில்லை, நீ வளத்த கண்டுக்குட்டியும் செத்துப்போச்சு, இப்ப இவனும் போயிட்டான் என்றாள், துக்கத்தில் சொன்ன சொல்தான், பெரியம்மாவே அடுத்த நாள் மறந்திருப்பாள், பதினாறு வயதுப் பெண் மறப்பாளா, அப்படியில்லைப் பிள்ளை என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு வாய்கூட இருக்கவில்லை.

பிறகு கனடாவுக்கு வந்த புதிதில், ரொறொன்ரோவில் ஒரு ஹோட்டலின் நிலவறையில் படுக்கை விரிப்புகள் மடிக்கிறாள், சுவர் முழுக்க இயந்திரங்களின் இரைச்சல், கூட வேலை செய்யும் ரோசா என்கிற போர்த்துக்கீசப் பெண் ரேடியோவில் பேஸ்போல் போடுகிறாள், முதலில் ஒன்றும் விளங்கவில்லை, பிறகு விளங்கிவிட்டது, ஒருத்தன் பந்தை அடித்துவிட்டு, வீடு என்று அவர்கள் சொல்கிற மூலையிலிருந்து ஓடுகிறான், மற்ற மூன்று மூலையையும் சுற்றி மறுபடி வீட்டுக்கே வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம், வெளிக்கிட்டவன் திரும்பி வந்தானா இல்லையா, அட, இதைத்தானே இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று விரிப்பும் கையுமாக நின்றுவிட்டாள், புழுதியில் சறுக்கி வந்து ஒருவன் சேஃப், தப்பி வந்துவிட்டான் என்று அறிவிப்பாளர் கத்தினால் மடித்த விரிப்பைக் குலைத்து மறுபடி மடிப்பாள், அன்று பிடித்த பைத்தியம் இன்றுவரை விடவில்லை, அதைவிட வசதி, ரேடியோவில் பார்க்கத் தேவையில்லை, யாருக்கும் கண் படாது. வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்த பிறகும் அப்படித்தான், பந்தை எறியப் போகிறான் என்றால் இவள் அடுப்படிக்கு ஓடிவிடுவாள், நகரத்து அணி கோப்பையை வென்ற அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள், தெருவெல்லாம் கார் ஹோர்ன் கேட்டுத்தான் வெளியே வந்தாள், இப்படியொரு ரசிகையை உலகத்திலை காணேலாது என்று கிருபாகரன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஆரணி பிறந்த பிறகு அது சிரிப்பாக இருக்கவில்லை, பிள்ளையை ஆசையாகப் பார்த்துவிடக் கூடாதே என்று சாப்பாடு போடும்போதுகூட அவள் தட்டைத்தான் பார்ப்பாள், பிள்ளைக்குப் பேஸ்போல் பிடித்ததும் தாயிடமிருந்துதான், ஒவ்வொரு பயிற்சிக்கும் கூட்டிக்கொண்டு போவாள், காருக்குள் இருந்து கண்ணாடியை இறக்கிவிட்டுச் சத்தத்தைக் கேட்பாள், தோள் நோகுதோ பிள்ளை, கடைசிப் பந்து பிந்தி விழுந்தது என்று வரும்போது கேட்டால் மகள் ஆச்சரியப்படுவாள், ஆச்சரியம் போய்க் கோபம் வந்தது, கோபமும் போய் ஒன்றும் சொல்லாமல் விட்டாள். ஒருநாள் ரேடியோவில், அடித்த பந்து நேரே எறிந்தவனின் முகத்துக்குப் போய்விட்டது, அறிவிப்பாளர் பேச்சை நிறுத்திவிட்டார், மைதானமே மூச்சுவிடவில்லை, அந்த அமைதி இவள் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, எறிகிறவள் மேட்டில் தனியே நிற்கிறாள், அடிக்கிற பந்து திரும்பி வந்தால் கண்ணிமைக்க நேரமில்லை, இவள் பார்க்கிற பந்துதான் அப்படித் திரும்பி வரும், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது கடைசி இன்னிங்ஸ், ஆரணியின் அணி ஒரு ஓட்டம் முன்னால், எதிரணியில் இரண்டு பேர் ஆட்டமிழந்துவிட்டார்கள், இன்னும் ஒருத்தியை வீழ்த்தினால் கோப்பை, ஆனால் இரண்டாம் மூலையிலும் மூன்றாம் மூலையிலும் ஆட்கள் வீட்டுக்கு ஓடக் காத்து நிற்கிறார்கள், என்னப்பா நடக்குது என்கிறாள், கூட்டம் பேசவில்லை, ரேடியோவில் கேட்ட அதே அமைதி, இஞ்சாருங்கோ, பிள்ளை நிக்கிறாளோ, சொல்லுங்கோ, கிருபாகரனின் குரல் எங்கேயோ கீழிருந்து வருகிறது, எனக்குப் பயமாக் கிடக்குதடி, நான் கண்ணை மூடிட்டன்.

அப்ப பிள்ளையை ஆர் பாக்கிறது என்று கேட்டவள் கேட்ட வாய் மூடுமுன் திரும்பிவிட்டாள், வெயிலில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை, பிறகு மேட்டில் ஒரு பெண், எவ்வளவு உயரமாக வளர்ந்துவிட்டாள், இடது காலைத் தூக்குகிறாள், நேசன் அண்ணாவின் அதே தோள், சட்டை காற்றில் உப்புகிறது, ஐயோ ஆசையாகப் பார்த்துவிட்டேனே என்று நினைப்பதற்குள் கை சுழன்று பந்து போய்விட்டது, மட்டையில் பட்ட சத்தம், பந்து நேரே மேட்டுக்கே வருகிறது, ஆரணி விழுகிறாள்.

படலையில் நிற்கிறாள், நிலவறையில் நிற்கிறாள், எங்கே நிற்கிறாளென்று தெரியவில்லை, எல்லோரும் கத்துகிறார்கள், இரண்டு பேர் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வீட்டுக்கு ஓடி வந்து சேர்கிறார்கள், ஆட்டம் முடிந்துவிட்டது, ஆரணியின் அணி தோற்றுவிட்டது, அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை, புழுதியில் கிடக்கும் முதுகையே பார்க்கிறாள், அது அசைகிறது, ஒரு கை ஊன்றுகிறது, முழங்கால் மடிகிறது, பந்துக்குத் தப்பக் குனிந்துதான் விழுந்திருக்கிறாள், பந்து தலைக்கு மேலால் போய்விட்டது, ஆரணி எழும்பினாள், ஓடினவர்களையும் பார்க்கவில்லை, பந்தையும் தேடவில்லை, நேரே இந்தப் பக்கம்தான் பார்த்தாள்.

கம்பி வேலியடிக்கு வந்தாள், கன்னமெல்லாம் செம்மண்ணும் கண்ணீரும், பாத்தனீங்களோ, ஓம் பிள்ளை, பாத்தனான், கடைசிப் பந்தையோ, அதைத்தான், மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அழுகைக்குள்ளேயே சிரித்து, அப்ப நீங்கள் பாத்ததாலதான் தோத்தனாங்கள் என்றாள், விளையாட்டாகச் சொன்னாள், மங்கையர்க்கரசி கம்பிக்குள் விரலை விட்டு அந்தக் கன்னத்தைத் தொட்டாள், சூடாக இருந்தது, வேர்வையில் நனைந்திருந்தது, ஓம் பிள்ளை, தோத்தாத் தோத்திட்டுப் போகட்டும் என்றாள், நீ நிக்கிறாய்.