கர்பியின் மட்டை

மட்டையைப் பையிலிருந்து உருவி என் சாப்பாட்டு மேசையில் போட்ட டுவைன், பெரிய வேலை ஒன்றை முடித்தவனைப் போலக் கைகளைத் தட்டிக்கொண்டான். மேசையின் ஒரு ஓரத்தில் ரொட்டியும் ஜாம் பாட்டிலும் இருந்தன. மறு ஓரத்தில் தோல் வார்கள், ஊசி, மெழுகு நூல், தண்ணீரில் ஊறப்போட்ட மாட்டு நரம்பு. கனடாவில் எங்கள் பூர்வகுடி ஊரான ஓஸ்வீகனில், மர மட்டையின் வலையில் பந்தை ஏந்தி வீசி லக்ராஸ் ஆடுகிறவர்களுக்கு இந்த மேசைதான் ஆஸ்பத்திரி. பிளாஸ்டிக் மட்டைக்காரர்கள் கடைக்குப் போய் வேறொன்று வாங்கிக்கொள்வார்கள்.

அவன் அக்கா புருஷன் ஆர்லனுடைய மட்டையாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எவனோ ஓங்கி அடித்ததில் வலையின் வார்கள் அறுந்து, பக்கவாட்டு நரம்புச் சுவரும் பிய்ந்துவிட்டது. அக்வெசாஸ்னே பக்கம் போகும்போது அங்கே ஒருவரிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறான் ஆர்லன். "அஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டணுமாண்ணே இதுக்கு? நீங்க இங்கயே இருக்கீங்க" என்றான் டுவைன். பாவம், நல்ல பிள்ளை. எனக்குத்தான் சுருக்கென்றது. என் தம்பி கர்பியின் உயிர்ச் சிநேகிதன் ஆர்லன். கர்பி போன இந்த இரண்டு வருஷமாக அவன் என் வாசலை மிதிக்கவில்லை. துக்கம் தாங்காமல் வரவில்லை என்று நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டுவைன் போனதும் வேலையில் உட்கார்ந்தேன். மட்டையின் கழுத்திலிருந்து வளைவு வரைக்கும் ஆர்லன் கறுப்பு நாடாவை இறுக்கிச் சுற்றியிருந்தான். முழுசாக உரித்தேன். வளைவுக்குக் கீழே இரண்டாவது துளை, துளையாக இல்லை. ஒரு சின்ன மர ஆப்பு அதை அடைத்திருந்தது. பக்கத்திலேயே, ஒரு நகக்கண் தள்ளி, இன்னொரு துளை.

அந்த ஆப்பை அடித்தவன் நான். கர்பியின் மட்டையைப் பழுது பார்த்தபோது துளைக்கருவி வழுக்கி இடம் தப்பிவிட்டது. "கண்ணு தெரியலைன்னா சொல்லிடு, நானே போட்டுக்கறேன்" என்று அவன் நாள் முழுக்க என்னைக் கிண்டலடித்தான். விரலால் தடவிப் பார்த்தேன். இந்த மட்டை இங்கே இருக்கக் கூடாது. இது என் தம்பியோடு மண்ணுக்குள் இருக்க வேண்டியது.

ஆடுகிறவனை மட்டையோடுதான் புதைப்போம். அங்கே போனதும் முன்னோர்கள் ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள், கையில் இருக்க வேண்டும். ஆனால் செத்தவனின் குலத்தார் அவன் உடம்புக்குரிய வேலை எதையும் செய்யக் கூடாது. குளிப்பாட்டுவது, உடுத்துவது, குழி தோண்டுவது, பெட்டியை மூடுவது எல்லாம் எதிர்ப்பக்கக் குலத்தாரின் பொறுப்பு. நாங்கள் ஓநாய்க் குலம், ஆர்லன் எதிர்ப்பக்கத்து மான் குலம். கர்பியைப் புதைத்த அன்றைக்கு அவன் கையை நீட்டினான், நான் மட்டையைக் கொடுத்தேன். சற்று நேரத்தில் வெளியே வந்து, "வலது கைப் பக்கம் வெச்சுட்டேன்ணே" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். மடையன் நான். பத்தாம் நாள் விருந்தில் கர்பியின் சாமான்களைப் பகிர்ந்து கொடுத்தபோது, செய்த வேலைக்கு நன்றியாக அவனுடைய கையுறைகளை ஆர்லனிடம் கொடுத்ததும் நான்தான். அவன் அதையும் வாங்கிக்கொண்டான். சோளக்கஞ்சி இரண்டு கிண்ணம் குடித்தான்.

மத்தியானத்துக்குள் வண்டிச் சத்தம் கேட்டது. டுவைன் சொல்லியிருப்பான். கதவருகே நின்ற ஆர்லன் மேசையில் கிடந்த நாடாக் குவியலைப் பார்த்தான், ஆப்பைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான்.

"பெட்டியில வெக்கத்தான் எடுத்துட்டுப் போனேண்ணே. கையில பிடிச்சுப் பாத்தேன். மண்ணுல போட மனசு வரல."

"அவன வெறுங்கையோடயா அனுப்பின?"

"ஐயையோ இல்லண்ணே. என்னோடத வெச்சேன்."

"எத? அந்த டப்பாவையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆர்லனின் பிளாஸ்டிக் மட்டைக்கு அந்தப் பெயரை வைத்தவனே கர்பிதான். "உன் சோத்து டப்பாவ எடுத்துட்டு அந்தாண்ட போடா" என்று அரங்கமே கேட்கக் கத்துவான். இந்த இரண்டு வருஷமாக எனக்கு இருந்த ஒரே ஆறுதல், அவன் அங்கே ஆடிக்கொண்டிருப்பான் என்பதுதான். இப்போது அவன் முன்னோர்கள் நடுவில் டப்பாவை வைத்துக்கொண்டு நிற்பது கண்ணில் வந்தது. என்னை நினைத்துத்தானே திட்டியிருப்பான், என் அண்ணன் பார்த்து அனுப்பிய லட்சணம் இதுதானா என்று. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். இவன் இரண்டு கழுத்தை அறுத்திருக்கிறான்.

அடிக்கக் கை எழுந்தது. அடிக்கவில்லை. அவனோ மெல்ல, சனிக்கிழமை கடைசி ஆட்டம் என்றான். இது இல்லாமல் தனக்குக் கோல் விழுவதில்லை என்றான். இதை மட்டும் கட்டிக் கொடுத்துவிட்டால் பிறகு நான் என்ன சொன்னாலும் கேட்பானாம். வெட்கங்கெட்டவன்.

மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவன் கட்டியிருந்த வார்களில் மிச்சமிருந்ததையும் ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டேன். ஊறிய நரம்பை எடுத்துச் சுவரைப் பின்னினேன். கர்பிக்குச் சுவர் விறைப்பாக இருக்க வேண்டும். வலை ஆழமில்லாமல், பந்து கழுத்தைவிட்டு மேலே தள்ளி நிற்க வேண்டும். வேறு யார் வீசினாலும் தரையில்தான் அடிக்கும். அவன் வீசினால் நேராகப் போகும். அந்த அளவு என் விரல்களுக்கு மறக்கவில்லை. ஆர்லன் நின்றுகொண்டே இருந்தான். நான் உட்காரச் சொல்லவில்லை.

கடைசி வாரை இழுக்கும்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது.

"இப்படிக் கட்டினா எனக்குச் சரிப்படாதேண்ணே."

"உனக்குக் கட்டறேன்னு யார் சொன்னா?"

முடிச்சைப் போட்டு மிச்சத்தை நறுக்கினேன். ஜாம் பாட்டிலுக்குப் பின்னால் கிடந்த பந்தை எடுத்து வலையில் போட்டேன். அசையாமல் நின்றது, கர்பி கேட்கும் இடத்தில். எழுந்தேன். மட்டையை எங்கே வைப்பது, குழியைத் தொடக் கூடாத நான் இதை இனி தம்பியிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, ஒன்றும் தெரியவில்லை. ஆர்லன் ஓரடி முன்னால் வந்து கையை நீட்டினான். அன்றைக்கும் இப்படித்தான் நீட்டினான், உள்ளங்கை மேலே பார்க்க, கண் கலங்க. நான் மட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஈர நரம்பிலிருந்து ஒரு சொட்டு, அவனுடைய வெறுங்கையில் விழுந்தது.