வளைவில் நின்றுவிட்ட காது

…ஆக, என் இடது காது முப்பத்தேழாவது வளைவில் இருக்கிறது, நான் இப்போதுதான் அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி முதல் வளைவில் பஸ்ஸோடு மலை ஏறிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்காவது இருவரும் ஒன்றாக ஊருக்குப் போய்ச் சேர்வோமா என்பதுதான் கேள்வி, பக்கத்தில் என் பெண்டாட்டி பாப்பாயி முந்தானை முடிச்சிலிருந்து புளிப்பு மிட்டாயை எடுத்து, சப்புங்க, முழுங்குங்க, காது தொறந்துக்கும் என்கிறாள், முழுங்குகிறேன், கொல்லிமலையில் பிறந்தவனுக்கு முழுங்கச் சொல்லித்தர வேண்டுமா, கீழே போனால் காது அடைக்கும், மேலே வந்தால் அடைக்கும், எச்சிலைக் கூட்டி முழுங்கினால் டப்பென்று திறக்கும், பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும்… மாசியில் ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு நாயனம் வாசித்துவிட்டுத் திரும்பும்போது அந்த வளைவில் பஸ்ஸே முழுங்கியது, எல்லாருக்கும் திறந்தது, எனக்கு மட்டும் இல்லை, சரி அடுத்ததில் என்று விட்டேன், அதற்கடுத்ததில் என்று விட்டேன், செம்மேடு வந்து இறங்கி டீ குடித்து வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்தும் திறக்கவில்லை. காதை வழியில் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன், குடையை விட்டுவிட்டு வருவதில்லையா, அந்த மாதிரி. சிரித்தார்கள். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள், அதற்கு நான் என்ன செய்ய.

நாமக்கல்லில் இன்று பார்த்த காது டாக்டர் சிரிக்கவில்லை. சுசித்ரா என்று பெயர், வயது என் பேத்திக்கு இருக்கும், குரல் மட்டும் தாசில்தாருக்கு இருக்கிற மாதிரி. வெளக்கைப் போட்டுக் காதுக்குள் பார்த்து, இடுக்கியால் பஞ்சை இழுத்தாள், இழுத்தாள், இழுத்துக்கொண்டே இருந்தாள், அது எந்தக் கல்யாணத்தில் வைத்த இலவம்பஞ்சோ, நுனியில் ஒரு விதை முளைவிட்டிருந்தது, இரண்டு இலை. பஞ்சு வெச்சு வாசிச்சா பத்தாதுங்கய்யா, அது சத்தத்துக்கு மேல போர்த்துன கொசுவலைதான் என்றாள். என்ன வாசிக்கிறீங்க? திமிரி. அப்படின்னா? நாயனத்திலேயே கட்டையானது, குட்டையாக இருக்கிறவர்களுக்கு எப்போதும் குரல் கொஞ்சம் உசரம், அவ்வளவுதான் என்றேன். எழுதிக்கொண்டாள். பிறகு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துத் தலையில் இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்து, சத்தம் கேட்டால் இந்தப் பொத்தானை அமுக்குங்க என்று விட்டுவிட்டுப் போனாள், முதலில் எருமை மாதிரி ஒரு சத்தம், அமுக்கினேன், பிறகு ஆள் கூப்பிடுகிற மாதிரி, அமுக்கினேன், பிறகு ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லாமல் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், மனசுக்குள் ஆதி தாளம் போட்டு தாளம் தொடங்குகிற ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அமுக்கு அமுக்கினேன். கதவைத் திறந்து வந்து, ஐயா, மிசின ஆப் பண்ணி ரொம்ப நேரமாச்சு என்றாள்.

பன்னிரண்டாம் வளைவு என்று பலகை. டிரைவர் ஹாரன் அடிக்கிறான், அது கேட்கிறது, நன்றாகவே கேட்கிறது, பிறகு என்ன செவிடு… பாப்பாயி பேசினால் கேட்கிறது, அது மலைக்கு அந்தப் பக்கத்துத் திருப்புலி நாட்டு ஊர்களுக்கே கேட்கும், அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. டாக்டர் சொன்னாள், ஐயா இது மலை அடைப்பு இல்லீங்க, அடைப்பா இருந்தா தொறக்கும், இது தேஞ்சது, ரெண்டு காதுமே, எடது கொஞ்சம் அதிகம், உச்சத்துல இருக்கிற சத்தந்தான் மொதல்ல போகும், உங்களுக்குத் தெரியாமலே போகும், போனது திரும்பாது. இருக்கிறதக் காப்பாத்தலாம். குருவி கத்தறது கேக்குதா? கேட்கிறது, குருவி என்றால் எங்கள் பக்கத்தில் மயில். சில்வண்டு? அதுதாம்மா இல்லை என்றேன், ரெண்டு வருஷமாக மலையில் ஒரு சில்வண்டு கிடையாது, எல்லாம் ஏற்காட்டுக்குக் குடிபோய்விட்டது, அங்கே சீசனுக்கு ஆள் வருகிறார்கள், கத்தினால் கேட்க ஆள் வேண்டாமா. அதற்கு அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஏன் அப்படிப் பார்த்தாள்? ஊரில் இதைச் சொன்னபோதும் எல்லாரும் சிரித்தார்கள், டீக்கடையில் சென்றாயன் தும்மித் தும்மிச் சிரித்தான், நான் சொல்வதில் அது ஒன்றுதான் பச்சை நிஜம், அதற்குப் போய் அவ்வளவு சிரிப்பு.

சட்டைப் பையில் அந்தப் பெட்டி நெஞ்சைக் குத்துகிறது. காதில் செருகுகிற ரப்பர், மழைக்குப் பிறகு காளான்மேல் காளான் முளைத்த மாதிரி மூன்றடுக்கு, நடுவில் ஊசி ஓட்டை. எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவு குறைக்கும், பாட்டைக் கெடுக்காது, வாசிக்கும்போதெல்லாம் போடணும், தகரக் கொட்டகையில வாசிச்சா கண்டிப்பாப் போடணும், போன சத்தம் கூரையில அடிச்சு உங்க காதுக்கே திரும்புது, தவில்காரரத் தள்ளி நிக்கச் சொல்லுங்க என்றாள் டாக்டர்… தவில்காரர் அர்த்தனாரி, முப்பது வருஷமாக என் இடப்பக்கம்தான், தவிலில் குச்சி விழுகிற பக்கம் என் காதைப் பார்த்தபடி. அவனைத் தள்ளி நிற்கச் சொன்னால் பெண்டாட்டியைத் தள்ளிப் படுக்கச் சொன்ன மாதிரி ஊரெல்லாம் விசாரிக்கும். ரப்பரை டாக்டர் அறையிலேயே போட்டுப் பார்த்தேன், உலகம் ஜமுக்காளத்துக்குள் போய்விட்டது, நான் எச்சில் முழுங்குவது ஆகாயகங்கை அருவி விழுகிற மாதிரி, கதவுக்கு வெளியே யாரிடமோ பேசிக்கொண்டிருந்த பாப்பாயி வாய் மட்டும் அசைந்தது, அது ஒன்று நன்றாகத்தான் இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் சுருதி எப்படித் தெரியும் என்றேன். ஊதற சீவாளி உதட்டுல இருக்குதில்ல, பல்லு வழியா, தாடை எலும்பு வழியா கேக்குங்கய்யா, பழகணும் என்றாள். பல் வழியாகவா, மேல் வரிசையில் பாதி நாமக்கல்லில் கட்டியது, அதற்கு என் சுருதி எப்படித் தெரியும், அது இங்கிலீஷ் பாட்டு கேட்டு வளர்ந்த பல்…

பாப்பாயிக்கு ஒன்றும் தெரியாது. அந்த நேரம் மருந்துச் சீட்டோடு வெளியே நின்றாள். என்ன சொன்னாங்க? வளைவு அடைப்புதான், மேல போனாத் தொறந்துக்கும் என்றேன். பெட்டி? அது அர்த்தனாரிக்கு. பொய் சொன்னேன் என்று இல்லை, டாக்டருக்கு மலை தெரியாது, கீழேயே பிறந்து கீழேயே படித்தது, இது அடைப்பா இல்லையா என்று வளைவு சொல்லட்டும். பஸ்ஸில் ஏறும்போதே முடிவுகட்டிவிட்டேன், கடைசி, எழுபதாவது வளைவுக்குள் காது திறந்தால் பெட்டி ஜன்னல் வழியாக, குரங்குகள் போட்டுக்கொள்ளட்டும், அவற்றுக்கும் இந்த ஹாரனில் காது போயிருக்கும். திறக்கவில்லை என்றால்… திறக்கும்.

ஏனென்றால் நாளைக்கு எங்கள் மலையிலேயே பைல் நாட்டில் காதுகுத்து, பூங்குழலி குழந்தைக்கு, அர்த்தனாரி மகள்தான் பூங்குழலி. காதுகுத்து என்றால் திமிரியைத்தான் கூப்பிடுவார்கள், ஆசாரி ஊசியை வைக்கும்போது கெட்டிமேளம், நான் குழந்தை காதுக்குப் பக்கத்திலேயே நின்று உச்சத்தில் ஒரு பிடி பிடிப்பேன், குழந்தை வீறிடுவது பெற்றவளுக்குக் கேட்கக் கூடாது, அதுதான் முறை. ஒரு தடவை வாழவந்தி நாட்டில் ஆசாரி ஊசியை எங்கோ மறந்து வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறான், முகூர்த்தம் தப்புகிறது, நான் பிடித்தேன் ஒரு பஞ்சமம், குழந்தையின் இரண்டு காதிலும் ஓட்டை, ரத்தம் ஒரு சொட்டு இல்லை, ஆசாரி கம்மலை மாட்டிவிட்டு முழுக் கூலியும் வாங்கிக்கொண்டு போனான், இன்றைக்கும் அந்தப் பெண் கோகிலா செம்மேட்டில் கடை வைத்திருக்கிறாள், யாரும் போய்க் காதைப் பார்க்கலாம்… அவளிடம் போன மாசம் உப்புக் கேட்டேன், பருப்புக் கொடுத்தாள். இல்லை, நான் கேட்டபோது அவள் என்னமோ திருப்பிக் கேட்டாள், நான் தலையாட்டினேன். குழந்தைகள் காதுக்குப் பக்கத்தில் அத்தனை வருஷமாக ஊதி… சேச்சே, ஒரு நிமிஷம் கேட்கிறதில் என்ன ஆகிவிடும். நமக்கு ஒரு நிமிஷம் இல்லையே.

முப்பது தாண்டியாகிவிட்டது. பஸ் முக்குகிறது. முன் சீட்டில் ஒரு அம்மாள் பையனைப் பிடித்து, முழுங்கு கண்ணு, முழுங்கு என்கிறாள். நானும் முழுங்குகிறேன். முப்பத்தாறு. அர்த்தனாரி போன முகூர்த்தத்தில் என் பக்கம் குனிந்து, அண்ணா, மேல போறீங்க, சுருதியோட வாங்க என்றான், யாருக்கும் கேட்காமல்தான் சொன்னான், எனக்கே பாதிதான் கேட்டது. சுருதிப்பெட்டிக்கு வயசாச்சுடா என்றேன். அது இந்தத் தைப்பொங்கலுக்குத்தான் வாங்கிய பெட்டி. அவன் தவில் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டான், எப்போதும் ரெண்டு கெட்ட வார்த்தையாவது சொல்கிறவன். இந்தச் சத்தத்தை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும், மிளகு பறிக்கப் போனால் கொடி என்னைப் பார்த்து ஏறிக்கொள்ளும். முப்பத்தேழு. முழுங்கினேன். பையன் திறந்துருச்சும்மா என்று கத்தினான். எனக்கு இல்லை. சரி, எழுபது இருக்கிறதே, காதுக்கும் நடந்து வர நேரம் வேண்டும்.

ஐம்பது, ஐம்பத்தைந்து, சில்வர் ஓக் மரங்கள் வந்துவிட்டன, காற்றில் குளிர் ஏறுகிறது, வெயில் மரத்தின் உச்சியில் மட்டும் மிச்சமிருக்கிறது, பாப்பாயி இன்னொரு மிட்டாய் நீட்டினாள், வாயெல்லாம் புளித்துப்போய் ஒரு கொட்டாவி, தாடை கழன்று போகிற மாதிரி பெரிய கொட்டாவி… டப். இரண்டு பக்கமும். டப்பென்று திறந்தது, சத்தியமாகத் திறந்தது, இன்ஜின் சத்தம் உள்ளே வந்து விழுந்தது, சக்கரத்தடியில் கல் நெரிபடுவது கேட்டது, கண்டக்டர் சில்லறை குலுக்குவதுகூட ஏதோ கேட்ட மாதிரிதான். பாப்பாயியின் கையைப் பிடித்தேன். என்னங்க? தொறந்துருச்சு பிள்ளே. நாந்தான் சொன்னேனில்ல, இதுக்குப் போயி டாக்டரு கீக்டருன்னு என்றாள், என்னைப் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அப்படியென்றால் இத்தனை நாள் அவளும்… சரி, அதை விடு. பார்த்தாயா தாசில்தார் அம்மா, தேய்ந்தது என்றாயே, மலையைக் கேட்காமல் மலைக்காரன் காதைப் பற்றிப் பேசலாமா? பையிலிருந்து பெட்டியை எடுத்தேன். நாளைக்குப் பஞ்சமத்தில் நிற்கிற நிற்பில் பைல் நாட்டுப் பலாவெல்லாம் பழுத்து விழும்.

அந்த நேரம் பார்த்து மேலே இருந்து ஒரு லாரி, பஸ் ஒதுங்கி நின்றது, டிரைவர் இன்ஜினை நிறுத்தினான். எவ்வளவு நாளாயிற்று இப்படி ஒரு அமைதியைக் கேட்டு, காது திறந்தவனுக்குத்தான் அமைதியும் கேட்கும், காடு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறது, ஒரு இலை அசையவில்லை, ஒரு பொட்டுச் சத்தம் இல்லை, பெட்டியோடு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்… முன் சீட்டுப் பையன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். அவன் அம்மா முந்தானையைத் தலையோடு இழுத்துக் காதை மூடினாள். கண்டக்டர் முகத்தைச் சுளித்தான். லாரி ஹாரன் அடிக்கிறதா என்று பார்த்தேன், அடித்தால் எனக்குக் கேட்குமே, லாரி சும்மாதான் ஊர்ந்து போனது.

அப்பப்பா, என்னா கத்து கத்துதுங்க இந்தச் சில்வண்டு, மண்டைக்குள்ள ஊசி விட்ட மாதிரி, அந்த ஷட்டர எறக்குங்க என்றாள் பாப்பாயி.

மரத்தைப் பார்த்தேன். அடுத்த மரத்தைப் பார்த்தேன். திறந்த காதை நன்றாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன்… சென்றாயன் தும்மித் தும்மிச் சிரித்தது ஏன் என்று இப்போது… அவன் தலைக்கு மேலேயே அன்றைக்கும் கத்திக்கொண்டிருந்திருக்கும். ஏனுங்க, ஏற்காட்டுக்குக் குடிபோயிருச்சுன்னு ஊரெல்லாஞ் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்களே, எப்பத் திரும்பி வந்துச்சாமா என்று இடித்தாள். இப்பத்தான், நம்ம பஸ்ஸுலதான் வந்துச்சு, டிக்கெட்டு எடுக்கல, அதான் கண்டக்டர் மூஞ்சி அப்படி இருக்குது என்றேன். சிரித்தாள். கையை உள்ளே இழுத்துக்கொண்டேன், பெட்டி கையில்தான் இருந்தது, அதே கையால் ஷட்டரை இறக்கினேன், முன் சீட்டுப் பையன் அப்பாடா என்று காதிலிருந்து கையை எடுத்தான், ஷட்டரை இறக்கும் முன்னால் இருந்ததும் இறக்கிய பின்னால் இருப்பதும் எனக்கு ஒரே அமைதிதான், அர்த்தனாரியை நாளைக்கு எந்தப் பக்கம் நிற்கச் சொல்வது…