வண்டிக்குள் செக்கர்

...இந்தக் கேள்வி வருமென்று எனக்குத் தெரியும், நேற்றே தோழியிடம் அடித்துச் சொன்னேன், பங்கு முரண்பாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக, ஒரே ஆளுக்கு இரண்டு பொறுப்பு, இரண்டும் ஒரே நேரத்தில் ஆளைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுப்பது, வரையறை முடிந்தது, பேனா தானாக ஓடுகிறது, தேர்வறையில் எல்லாரும் பாடப்புத்தகத்து மருத்துவர் உதாரணத்தையே எழுதிக்கொண்டிருப்பார்கள், எழுதட்டும், என்னிடம் சொந்தச் சரக்கு இருக்கிறது... பேருந்தில் டிக்கெட் பரிசோதிக்கும் ஒரு பெண், டிக்கெட் இல்லாமல் அகப்பட்டவர் அவருடைய சொந்தத் தம்பி. என் அம்மா, என் மாமா என்றெல்லாம் விடைத்தாளில் எழுத முடியாது, 'ஒரு பெண்' போதும்.

அன்றைக்கு நானும் அதே வண்டியில்தான் இருந்தேன், மூச்சுவிட இடமில்லாத கூட்டம், மாமா சிரித்துக்கொண்டே, "அக்கா, நான்தான்," என்றார், அம்மா சிரிக்கவில்லை, "டிக்கெட் எங்க?", "என்னக்கா, விளையாடுறியா?", "வண்டிக்குள்ள நான் செக்கர். இறங்கினா அக்கா." சுற்றி நின்றவர்கள் கைதட்டாத குறைதான். மாமா அபராதம் கட்டிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கீழே நின்றபடி, "இறங்கிட்டேன், இப்ப அக்காதானே? வா," என்றார், வண்டி கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அப்பா இன்னமும் அதை அக்கா தம்பி சண்டை என்கிறார், இல்லை அப்பா, சண்டை அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் இல்லை, அம்மாவுக்குள்ளேயே நடந்தது, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, எனக்குத் தெரியும்... சமூகவியல் எடுத்தபோது, "அதைப் படிச்சு என்ன கிழிக்கப் போற?" என்று கேட்டவரும் இதே மாமாதான்.

முடிவாக ஒரு வரி, 'உறவைவிடப் பணியையே அவர் தேர்ந்தெடுத்தார்', கச்சிதம், முழு மதிப்பெண், அடுத்த கேள்விக்குப் போகலாம், போகலாம்தான்... ஆனால் 'தேர்ந்தெடுத்தார்' என்ற சொல்லிலேயே கண் நிற்கிறது, அம்மா தேர்ந்தெடுத்தாளா? அத்தனை பேர் கண்ணும் அவள் மேல்தானே இருந்தது, வீட்டுக்கு வந்தும் சீருடையை மாற்றாமல் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக உட்கார்ந்திருந்தாளே, வண்டி காலியாக இருந்திருந்தால்? நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்திருந்தால்?... அந்தச் சொல்லை அடிக்கிறேன், அதற்கு மேலே எழுத இடமிருக்கிறது, வேறு சொல்தான் கிடைக்கவில்லை, பாடப்புத்தகத்திலும் இருந்ததாக நினைவில்லை, இருக்கட்டும், கூடுதல் தாளுக்குக் கையைத் தூக்குகிறேன்.