‘டாட் காம்’ மட்டும்

திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் வாரம் முழுக்கப் பெட்டி எண்களைக் கணினியில் ஏற்றும் மதிக்கு, ஞாயிற்றுக்கிழமையும் திரையைப் பார்ப்பதென்றால் கண் எரியும். ஆனாலும் நெட்டுக்குப்பத்து மீனவப் பெண்கள் குழுவுக்கு இணையப் பக்கம் செய்து தர ஒப்புக்கொண்டிருந்தாள். தரகர் இல்லாமல் ஓட்டல்காரர்களே நண்டும் இறாலும் கேட்டு நேராக எழுத வேண்டும். குழுவை நடத்தும் சொக்கம்மாள் கேட்டது அவ்வளவுதான்.

முதலில் செய்த பக்கம் மதியின் மடிக்கணினியில் அழகாக இருந்தது. சொக்கம்மாளின் போனில் திறந்தால் நண்டுப் படம் பாதிதான் தெரிந்தது. ‘அனுப்பு’ பொத்தானே திரைக்கு வெளியே போயிருந்தது. வியாசர்பாடி வீட்டில் உட்கார்ந்து, சின்னத் திரையில் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்படி மாற்றினாள். மின்னஞ்சல் முகவரியைத் தப்பாக அடித்தால் படிவம் ஏற்காதபடியும் ஒரு வரி எழுதினாள். தன் முகவரியைப் போட்டுப் பார்த்தாள், போயிற்று. பக்கத்தை வெளியிட்டுவிட்டு அப்படியே தூங்கிப்போனாள்.

ஒருவரும் எழுதவில்லை. ஊர்ப்பட்ட பக்கங்களுக்கு நடுவில் இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று மதி விட்டுவிட்டாள். அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாகவும் இருந்தது.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சொக்கம்மாள் போன் செய்தாள். ராயபுரத்தில் ஓட்டல் நடத்தும் ஷாகுல் ஹமீதை வழியில் பார்த்தாளாம். அவர் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தும், முகவரி தப்பென்றே பக்கம் சொன்னதாம். வெறுத்துப்போய் வேறு ஆளிடம் பேசி முடித்துவிட்டாராம்.

சொக்கம்மாள் சொன்ன அவருடைய முகவரி ‘டாட் இன்’ என்று முடிந்தது. கேட்டவுடனே மதிக்கு விளங்கிவிட்டது. ‘டாட் காம்’ என்று முடிந்தால்தான் சரி என்று எழுதிவைத்திருந்தாள்.

சத்தமில்லாமல் திருத்திவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த யோசனையே அவளை இன்னும் களைப்பாக்கியது.

“அக்கா, அவரு சரியாத்தான் போட்டுக்கீறாரு. நான்தான் தப்பா எழுதிட்டேன்.”



“நாங்க இன்னா நெனச்சோம் தெரியுமா?” என்றாள் சொக்கம்மாள். “பவர் ஹவுசு சாம்பல் கலக்குற தண்ணில புடிச்ச நண்டுன்னு ஒருத்தரும் வாங்க மாட்றாங்கன்னு நெனச்சிகினு இருந்தோம். கடைய மூடிடலாம்னு பேசிகினு இருந்தோம்மே.”

அவள் திட்டியிருந்தால் மதிக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

வேலை முடிந்ததும் வரியைத் திருத்திவிட்டு ஷாகுல் ஹமீதுக்குப் போன் செய்தாள். தவறு தன்னுடையது என்று சொல்லி, இன்னொரு முறை எழுதிப் பார்க்கச் சொன்னாள். வேறு ஆளுக்குக் கொடுத்த வாக்கை மாற்ற முடியாதென்று அவர் சொல்லிவிட்டார். வாராவாரம் வெள்ளிக்கிழமை நண்டு மட்டும் குழுவிடம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, அப்போதே எழுதினார். இந்த முறை போயிற்று.

சொக்கம்மாளுக்குச் சேதி சொன்னாள். அந்த ஒரு நாளாவது கிடைத்ததே என்றாள் அவள். குரலில் பெரிய சந்தோஷம் இல்லை. கடையை மூடும் பேச்சும் இல்லை.

வீடு திரும்பும் பேருந்தில் மதிக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியில் சாய்ந்தபடி, தன் போனில் எப்படியெல்லாம் முகவரிகள் இருக்கக்கூடுமோ அப்படியெல்லாம் அடித்து, படிவம் ஏற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள்.