பயிற்சிக்குப் பின் காதுகுத்து

பீளமேட்டில் இருக்கும் அந்த பம்புசெட் கம்பெனியின் புகார் பிரிவில், பயிற்சி முடிந்ததும், பயிற்சி பெற்றவருக்கு ஒரு காது முளைக்கும். சொன்ன புத்திமதி தங்குவதற்கு ஓரிடம் வேண்டுமே, பாவம், அதுவும் எங்கேதான் போகும்! முளைத்த காதுக்கு ஆபீஸிலேயே காதுகுத்து. பயிற்சி கொடுத்தவர் தாய்மாமன் முறைக்கு நாற்காலியில் உட்காருவார். பயிற்சி பெற்றவர் அவர் மடியில். ஆசாரி வந்து குத்தியதும் பொட்டுக்கடலையும் சர்க்கரையும் மேஜை மேஜையாகப் போகும்.

சுகந்தாமணிக்கு உடம்பெல்லாம் காது. முழங்கையில், பிடரியில், தோளில், முழங்காலில். ஒருக்களித்துப் படுக்க முடியாது. ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால், "இந்தத் தடவை எங்கெங்கீங்க ஓட்டை விடணும்?" என்று கேட்டுக்கொண்டுதான் டெய்லர் அளவெடுப்பார். அத்தனையும் மேனேஜர் அமிர்தவல்லி மேடம் கொடுத்த பயிற்சியில் முளைத்தவை. மேடம் மனசாரத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆரம்பித்தால் தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்த மாட்டார்.

சொல்லிக்கொடுத்து என்ன பிரயோஜனம்! விவசாயிகள் ஃபோன் போட்டு, மோட்டார் ஓடவில்லை என்று கத்துவார்கள். சுகந்தாமணி "வணக்கம்" என்பாள். அடுத்த நிமிஷம் ஃபோனை வைத்துவிடுவாள். இனி ஒரு அழைப்பைப் பாதியில் வைத்தாலும் காங்கயம் குடோனுக்கு மாற்றல் என்று மேடம் சொல்லிவிட்டார். குடோனுக்குப் போனவர்கள் குடோனிலேயேதான் தங்க வேண்டும். ஏழாவது படிக்கிற மகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

கடைசி முயற்சியாகக் கம்பெனி வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தது. ரெஜினா என்று பெயர். பிறந்தபோது இருந்த காதுகளைத் தவிர வேறு காது கிடையாது. கண்ணாடி அறையில் சுகந்தாமணியை எதிரே உட்காரவைத்தார். மேடமும் மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

"ஃபோன் மணி அடிச்சதும் உங்களுக்கு என்னங்க ஆகுது?" என்று கேட்டார் ரெஜினா.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அடக் கடவுளே! சுகந்தாமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேள்வி கேட்டவரே பதிலையும் சொல்லிவிடுவதுதானே வழக்கம்? ஒருவேளை வேறு யாரையோ கேட்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியே புகார் பிரிவு முழுக்க எழுந்து நின்றது. ஒருத்தி வாயில் வைத்த வடையை மெல்ல மறந்துபோனாள்.

"இந்தம்மாவுக்குப் பேச்சு மூச்சே இல்லையே! யாராவது சோடா கொண்டுவாங்க!" என்றார் மேடம்.

ரெஜினா அவரைக் கையமர்த்திவிட்டு மறுபடி சுகந்தாமணியைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அவள் பதில் சொன்னாள்.

"மணி அடிச்சதும் எல்லாக் காதுலயும் மேடம் பேச ஆரம்பிச்சுடறாங்க. சிரிச்ச குரல்ல பேசுங்கறாங்க, மோட்டார் நம்பரை வாங்குங்கறாங்க, பணிவா இருங்கறாங்க. லைன்ல இருக்கறவரு சொல்றது ஒண்ணுமே கேக்கறதில்லைங்க. பயந்துபோயி வச்சுடறேன்."

மேடத்தை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாளே!

"அவங்க பேச்சை நிறுத்தறது எப்பவாவது உண்டுங்களா?"

சுகந்தாமணி யோசித்தாள். அவள் யோசித்து அந்த ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை. வெளியே நின்றவர்களில் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஒருக்கா, 'மேடம், சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டேனுங்க. அப்படியே நின்னுபோச்சு. சாயங்காலம் வரைக்கும் ஒரு காதும் பேசலை."

"அப்ப, ஃபோன் வந்தா என்ன செய்யலாம்?"

"அவரை நான் ஏதாவது கேக்கலாங்க," என்றாள். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

"ஐயையோ!" என்று மேடம் அலறினார். ரெஜினாவின் கன்னத்தில் காது முளைத்துக்கொண்டிருந்தது. "பயிற்சி கொடுக்க வந்தவங்களுக்கா முளைக்கறது? இப்படி ஒரு கூத்து உண்டா? ஹெட் ஆபீஸ்ல கேட்டா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"

ஆனாலும் முறை என்றால் முறை. மறுநாள் சுகந்தாமணி தாய்மாமன் நாற்காலியில் உட்கார, ரெஜினா அவள் மடியில் உட்கார்ந்தார். ஆசாரி குத்தியபோது ரெஜினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சுகந்தாமணி அவர் வாயில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டாள். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது.

ஒரு கையால் ரெஜினாவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்தாள்.

"ஏனுங்க, காத்தால இருந்து மோட்டாரு உறுமுது, சொட்டுத் தண்ணி வரமாட்டேங்குது! பயிரு கருகுது! நீங்கெல்லாம் என்னங்க கம்பெனி நடத்தறீங்க?"

எல்லாக் காதிலும் மேடம் கிளம்பிவிட்டார். பிடரிக் காது ஒன்று சொன்னது, முழங்கால் காது வேறொன்று சொன்னது. அவள் கை ஃபோனை வைக்கத் தாழ்ந்தது. குடோனின் தகரக் கதவு கண்முன் வந்து நின்றது.

"நேத்து தண்ணி வந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

காதுகள் கப்சிப்.

"நிசமாலுமே கேக்கறீங்களா?" என்றார் எதிர்முனையில் இருந்த விவசாயி, ஆடிப்போய்.

"ஆமாங்க."

"வந்துச்சுங்க. பொழுது சாயத்தான் குழாயில ஒரு ஜாயிண்ட் மாத்துனேன்."

"மாத்துனதுக்கு அப்புறம்?"

அவர் யோசிப்பது நன்றாகவே கேட்டது. "அட! அதுல காத்து இழுக்குதாட்ட இருக்குது. லைன்லயே இருங்க அம்மிணி, முறுக்கிட்டு வந்தர்றேன்."

கொஞ்ச நேரத்தில் ஃபோனிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. முதலில் செம்மண் கலங்கல், அப்புறம் தெளிந்த தண்ணீர். மேஜை நனைந்து, தரையில் இறங்கி ஓடியது. மேடம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்.

"நீ வரலைன்னு காங்கயத்துக்கு நானே சொல்லிடறேன். இந்தத் தண்ணியை எந்தப் பக்கம் திருப்பலாம், சுகந்தாமணி?"

அப்புறம் ஒரு வார்த்தை பேசாமல், கணுக்கால் தண்ணீரில் நின்று, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கவுண்ட்ஸ் பக்கம் விடலாங்க மேடம். அங்கதான் காஞ்சு கெடக்குது," என்றாள் சுகந்தாமணி.

மேடம் மண்வெட்டி எடுத்துவரப் போனார்.