நூற்றுப்பதினான்காம் சாவடி

நாளைய வகுப்புக்கு ஒரே ஒரு கட்டளை வரிதான். அதை மென்பொருளில் தட்டினால், பொதுவில் வைத்திருக்கும் தேர்தல் கணக்கெல்லாம் வாக்குச்சாவடி வாரியாகத் திரையில் வந்து விழும். புள்ளியியல் டீச்சர் அந்த வரியை நாற்பது மாணவர்களுக்கும் மத்தியானமே அனுப்பிவிட்டாள். ஆளுக்கொரு சாவடியை எடுத்து, எத்தனை சதவீதம் ஓட்டு விழுந்தது என்று படம் போட வேண்டும். மாதிரிக்கு ஒன்று செய்து வைப்போமே என்று, ஆசையாக, தன் புருஷன் தேர்தல் வேலை பார்த்த நூற்றுப்பதினான்காம் சாவடியை எடுத்தாள்.

பட்டியலில் பெயர்கள் எண்ணூற்று மூன்று. விழுந்த ஓட்டும் எண்ணூற்று மூன்று.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடேயப்பா, ஒருத்தருக்குக்கூடவா ஜலதோஷம் பிடிக்கவில்லை! பிடித்ததே. தேர்தலன்று அவளே காய்ச்சலில் கட்டிலை விட்டு எழவில்லை. மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றிக்கு ஈரத்துணி போட்டார். ஓட்டுப் போடப் போகாத இந்த இருவர் பெயரும் அந்தச் சாவடிப் பட்டியலில்தான் இருந்தன. வந்த சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. வரியை அழித்து மறுபடி தட்டினாள். அதே எண்ணூற்று மூன்று.

புருஷன் அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அன்னிக்கு உங்க பூத்ல எத்தனை பேர் வந்தாங்க?"

"அறுநூத்துச் சொச்சம். மத்தியானத்துக்கு மேல ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம். ஏன்?"

சொன்னாள். அவர் திரும்பவில்லை.

"கடைசியில கணக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

"கையெழுத்து காலையிலேயே போட்டாச்சு. சாயங்காலம் பெட்டியை ஒப்படைக்க அடிச்சுப் பிடிச்சு ஓடணும்ல? எல்லாரும் வெத்து ஃபாரத்துல முன்னாடியே போட்டு வச்சிருவோம். எத்தனை தேர்தலா அப்படித்தான். நம்பரைப் பெட்டி வாங்கற இடத்துல இருக்கறவங்க எழுதிப்பாங்க."

"அப்ப இந்த எண்ணூத்து மூணுக்குக் கீழ இருக்கறது..."

"சும்மா இரு. இதையெல்லாம் எவன் உக்காந்து பார்க்கப் போறான்?"

 இந்த மனுஷன் அடுத்தவர் பேனாவைக்கூட மறந்து வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை. நாளைக்கு யாராவது கேட்டால், அந்த நம்பரை இவர் எழுதவில்லை என்று யார் நம்புவார்கள்?

மேசையில் போன் அதிர்ந்தது. முதல் பெஞ்சு மாணவியிடமிருந்து மெசேஜ்.

"டீச்சர், நான் நூத்திப்பதினாலு எடுத்துக்கவா? தேர்தலுக்கு முந்தின மாசம் தவறிப்போன எங்க அப்பா பேரு இன்னும் அந்த லிஸ்ட்லதான் இருக்கு. கணக்கு எப்படி வருதுன்னு பார்க்கணும்."

டீச்சர் அதை வாய்விட்டுப் படித்தாள்.  அடுப்படியில் அவர் டீயை ஊற்றிக்கொண்டே நின்றார். டம்ளர் நிரம்பி வழிந்த டீ, மேடையின் விளிம்புக்கு வந்து, அவர் காலடியில் சொட்டத் தொடங்கியது.