குங்குமம் பூசிய சோளம்

எழுபத்தெட்டில் வாலிகண்டபுரத்திலிருந்து ஆராய்ச்சிப் பண்ணை பார்க்க ஒரு பஸ் கிளம்பியது. பயிர் பார்க்க ஏறியவர்கள் பாதிப்பேர். மதியம் வடையோடு சாப்பாடு என்று கேள்விப்பட்டு ஏறியவர்கள் மீதிப்பேர். எங்கள் தெரு உத்திராபதி மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி சலவை வேட்டி கட்டி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டான். பிடிக்கமாட்டானா? பாட்டன் காலத்திலிருந்து ஊரார் நிலத்தில் கூலிக்கு உழுத குடும்பம். அந்த வருஷம்தான் அவன் பேருக்கு ஒரு துண்டு மானாவாரி நிலம் பட்டா ஆகியிருந்தது. முதல் வெள்ளாமையை எடுத்துக் காட்டிவிட வேண்டும் என்று துடித்தான். எடுக்காவிட்டால் சிரிக்க நாங்கள் எல்லோரும் தயாராக இருந்தோம்.

பெண்டாட்டி ஆண்டாயியும் வந்தாள். ஏருக்குப் பின்னால் நடந்து சாலில் விதை போட ஊரே அவளைத்தான் கூப்பிடும். அத்தனை கைராசி. அவள் வகையறாப் பெண்களுக்கு ஒரு வழக்கம்: போடப்போகிற விதையில் ஒரு கை அள்ளி, வெல்லத்தோடு மென்று தின்றுவிட்டுத்தான் முதல் சாலில் இறங்குவார்கள். பசித்தவள் போட்டால் பயிரும் பசியோடு முளைக்குமாம்.

பண்ணையில் அன்று யாரோ பெரிய அதிகாரி வந்திருந்தார். சோள விதைப் பைகளை மேசையில் அடுக்கி, தேங்காய் உடைத்து, பைக்குப் பை குங்குமம் வைத்தார்கள். உத்திராபதி எழுந்து, இளஞ்சோளத்தின் குருத்தைக் கருக்கிவிடும் குருத்து ஈயைப் பற்றி ஒரு கேள்வி கேட்டான். அதிகாரி மகிழ்ந்துபோய் ஒரு பையைப் பரிசாகக் கொடுத்தார். பக்கத்திலிருந்த குமாஸ்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். போட்டோக்காரர், "எல்லாரும் இங்க பாருங்க" என்றார். அப்புறம் நாங்கள் வடைக்கு ஓடிவிட்டோம்.

வீட்டில் பையைப் பிரித்தபோது தெருவே எட்டிப் பார்த்தது. விதை செக்கச்செவேல் என்றிருந்தது.

"என்னடி ஆண்டாயி இது?" என்றாள் எதிர்வீட்டு இருசம்மாள்.

"பூசை போட்டாங்கல்ல அக்கா. உள்ள விதைக்கும் சேர்த்துக் குங்குமம் போட்டிருக்காங்க."

"நம்ம ஊரு மிராசுங்க ஒரு பொட்டு மஞ்சளாச்சும் வெப்பானுங்களா? கவர்மெண்டுன்னா கவர்மெண்டுதான்டி!"

புரட்டாசி மழை பெய்ததும் உத்திராபதி ஏர் பூட்டினான். ஆண்டாயி வரப்பில் நின்று கற்பூரம் காட்டினாள், ஒரு கை விதையை வெல்லத்தோடு தின்றாள், சொந்த மண்ணில் முதல்முதலாக இறங்கினாள். கொஞ்சம் சால்தான் போட்டிருப்பாள். வாயில் எச்சில் வழிந்தது. கைகால் வெட்டி இழுத்தது. வண்டியில் போட்டுப் பெரம்பலூருக்கு ஓட்டினார்கள். பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள்.

சாமி குத்தம் என்று தெரு முடிவு கட்டியது. நிலம் வந்த மிதப்பில் அய்யனாருக்குக் கிடா வெட்டவில்லையே! உத்திராபதி கடன் வாங்கிக் கிடா வெட்டினான். மிச்ச நிலத்தை அவனே விதைத்தான்.

சோளம் ஆளுயரம் வந்தது. பண்ணையின் அடுத்த பஸ் அந்த நிலத்தைப் பார்க்க வந்தது. ஓர் இளவயது அதிகாரி ஓரத்துச் சால்களைப் பார்த்து அசந்துபோனார்.

"நூல் புடிச்சாப்புல இருக்கே! யாருப்பா விதைச்சது?"

"எம் பொண்டாட்டிங்க."

"கூப்புடு, ஒரு போட்டோ எடுப்போம்."

"செத்துப்போச்சுங்க. விதை போட்ட அன்னைக்கே. வழக்கப்படி ஒரு கை விதையத் தின்னுட்டு எறங்குச்சு..."

அதிகாரியின் முகம் வெளுத்தது. "அதையா? அது குருத்து ஈக்காக விஷம் கலந்த விதையாச்சேப்பா! யாரும் திங்கக் கூடாதுன்னுதானே செகப்புச் சாயமே கலக்குறோம்."

"நீங்க குங்குமம் வெச்சீங்களே சார்?"

அதிகாரி டிரைவரைப் பார்த்தார். பஸ் திரும்பிப் போனது. வேடிக்கை பார்க்க வந்த நாங்களும் ஒவ்வொருவராக நழுவினோம். இருசம்மாள் மட்டும், "முன்னாடியே தெரிஞ்சிருந்தா கிடாவாவது மிஞ்சியிருக்கும்" என்று முனகிக்கொண்டே நடந்தாள்.

கதிர் முற்றியது. உத்திராபதி அறுக்கவில்லை; அந்தப் பக்கமே போகவில்லை. விஷக் கதிர், கூலிக்குக்கூட இறங்க மாட்டோம் என்றார்கள் ஊரில். குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்து தின்று தீர்த்தன. குருவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.